கூரையின் நடுக்கோடு: ஒரு மாடுலர் வீடும் பன்னிரண்டு சூரியத் தகடுகளும்

முதல் மழையில் ஒழுகவில்லை. மூன்றாவது மழையில்தான் மாடிக் கூடத்தின் உட்கூரையில், நட்டநடுவே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்பு வட்டம் தெரிந்தது. என் தங்கை அதைப் படமெடுத்து மூன்று பேருக்கு அனுப்பினாள்: வீட்டைச் செய்து கொடுத்த தொழிற்சாலைக்கு, சூரியத் தகடு பொருத்தியவருக்கு, எனக்கு. முதல் இருவரிடமிருந்தும் அன்று மாலையே பதில் வந்துவிட்டது. "கூரையில் துளை போட்டவரைக் கேளுங்கள்" என்றது தொழிற்சாலை. "இரண்டு பெட்டிகள் சேரும் கோட்டில்தான் ஒழுகுகிறது, அது எங்கள் வேலை அல்ல" என்றார் தகடு பொருத்தியவர். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. அந்த இரண்டு பாதிகளுக்கும் இடையில்தான் தண்ணீர் இறங்கியது.

நான் கட்டடப் பொறியாளன். என் காலமெல்லாம் அஸ்திவாரமும் கான்கிரீட்டுமாகவே கழிந்திருக்கிறது. தொழிற்சாலையில் செய்து லாரியில் வரும் மாடுலர் வீடு எனக்கும் புதிது. தங்கையும் மாப்பிள்ளையும் அதை வாங்கத் தீர்மானித்தபோது, வேண்டாம் என்று சொல்லும் எண்ணத்தோடுதான் உடன் போனேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதையும், சொல்லாமல் விட்டதில் எங்கே தவறினேன் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பெட்டி என்றால் என்ன

தொழிற்சாலை வீடுகளில் இரண்டு வகை உண்டு. சுவர், தளம், கூரை ஆகியவற்றைத் தட்டையான பலகைகளாகச் செய்து கொண்டுவந்து, இடத்தில் நிறுத்திப் பூட்டுவது ஒன்று. அறையையே பெட்டியாகச் செய்து, உள்ளே மின்கம்பி, குழாய், குளியலறை ஓடு, கதவு எல்லாம் முடித்து, கிரேனால் தூக்கி வைப்பது மற்றொன்று. இவர்கள் வாங்கியது இரண்டாவது வகை. எஃகுச் சட்டத்தில் நான்கு பெட்டிகள், ஒவ்வொன்றும் 3.4 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம், சுமார் 12 டன் எடை. கீழே இரண்டு, மேலே இரண்டு.

அகலம் ஏன் 3.4 மீட்டரோடு நின்றது? அதை முடிவு செய்தது வீட்டுக்காரரும் அல்ல, வரைபடக்காரரும் அல்ல, சாலை. அதற்கு மேல் போனால் வண்டிக்கு முன்னும் பின்னும் காவல் வண்டி, இரவுப் பயணம், தனி அனுமதி என்று செலவு ஏறும். ஆனால் 3.4 மீட்டர் அகலத்தில் கூடம் என்றால் ரயில் பெட்டியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். அதனால் இரண்டு பெட்டிகளின் நீளச் சுவர்களைத் திறந்துவிட்டு, நடுவில் ஒட்டி, ஒரே அகலக் கூடமாக்குகிறார்கள். வீட்டின் மிக அழகான அறைக்கு நடுவில் ஒரு கோடு ஓடுகிறது என்று அர்த்தம். தரையில் அதை மறைத்துவிடலாம், உட்கூரையிலும் மறைத்துவிடலாம். கூரையின் மேல் மறைக்க முடியாது. அங்கே ஒரு தகர மூடி போட்டு மழையை ஏமாற்ற வேண்டும்.

இவர்கள் இதைத் தேர்ந்ததற்கு அழகியல் காரணமோ சுற்றுச்சூழல் காரணமோ இல்லை. வாடகையும் கடன் தவணையும் சேர்ந்து ஓடும் மாதங்களைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். மண்ணில் அஸ்திவாரம் இறுகிக்கொண்டிருக்கும்போதே தொழிற்சாலையில் பெட்டி தயாராகும் என்ற கணக்கு சரியான கணக்கு. பெட்டிகள் ஏழு வாரத்தில் முடிந்துவிட்டன. மொத்தத்தில் வீடு நான்கு மாதத்துக்குப் பதில் ஏழு மாதம் எடுத்தது என்றால், தாமதம் தொழிற்சாலைக்குள் நடக்கவில்லை. அனுமதியிலும் வங்கியிலும் நடந்தது; கொஞ்சம் என் தங்கையின் சன்னலிலும்.

கொத்தனார் கட்டும் வீட்டில், சுவர் எழும்பிய பிறகுகூடச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, "சன்னலை அரை அடி தள்ளுங்கள்" என்று சொல்லிவிடலாம். மேஸ்திரி முணுமுணுப்பார், ஆனால் தள்ளுவார். இங்கே வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட நாளோடு அந்த உரிமை முடிந்துவிடுகிறது. என் தங்கை பதினொரு நாள் கழித்துச் சமையலறைச் சன்னலை மாற்றச் சொன்னாள். சட்டத்தின் எஃகுக்கு ஆணை போய்விட்டிருந்தது. சன்னல் மாறியது, மூன்று வாரம் போயிற்று.

நிலத்தில் இல்லாத வீட்டுக்குக் கடன்

வீட்டுக் கடனை வங்கி ஒரே தவணையில் தருவதில்லை. அஸ்திவாரம் முடிந்தால் கொஞ்சம், கூரை ஏறினால் கொஞ்சம் என்று, நிலத்தில் எழுந்த வேலையைப் பார்த்துப் பார்த்துத் தரும். தொழிற்சாலையோ ஆணையோடு ஒரு பெரும் பகுதியையும், பெட்டி வாசலைத் தாண்டும் முன் ஏறக்குறைய முழுத் தொகையையும் கேட்டது. மதிப்பீட்டாளர் மனைக்கு வந்தார். அஸ்திவாரமும் அதில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டுகளும்தான் இருந்தன. அவர் அறிக்கையில் அதைத்தான் எழுதினார். தவறில்லை.

இது புதிய சிக்கல் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வீட்டுப் பஞ்சம் நிலவியபோது, லஸ்ட்ரான் என்ற நிறுவனம் எனாமல் பூசிய எஃகுத் தகட்டு வீடுகளைத் தொழிற்சாலையில் செய்து விற்றது. அரசே 3 கோடி டாலருக்கு மேல் கடன் கொடுத்துத் தாங்கியது. சுமார் 2,500 வீடுகளோடு 1950-இல் அது நொடித்துப்போனது. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, வீடு முழுவதும் ஒரே நாளில் லாரியில் வந்து இறங்க, பணமோ படிப்படியாக வரும் வழக்கத்தில் இருந்தது. அந்த வீடுகள் பல இன்றும் துருப்பிடிக்காமல் நிற்கின்றன. தகடு வென்றது, தவணை முறை தோற்றது.

தங்கைக்கு வழி பிறந்தது ஒரு மூத்த வங்கி அதிகாரியால். மதிப்பீட்டாளரைத் தொழிற்சாலைக்கே அனுப்பினார். ஒவ்வொரு பெட்டிக்கும் வரிசை எண் இட்டு, பணம் கொடுத்த அளவுக்கு அது வாங்குபவரின் சொத்து என்று எழுதி வாங்கச் சொன்னார். முன்பணத்துக்கு வங்கி உத்தரவாதம், வழிப் பயணத்துக்குக் காப்பீடு. இந்த மூன்றும் இல்லாமல் பெட்டி வீட்டுக்கு முன்பணம் தருபவர், தொழிற்சாலை மூடப்பட்டால் கடன்காரர் வரிசையின் கடைசியில் போய் நிற்பார். 2015-இல் தொடங்கி, முதலீடு கோடி கோடியாகக் கொட்டிய கட்டேரா நிறுவனமே 2021-இல் திவாலானது. பெரிய பெயர் என்பது உத்தரவாதப் பத்திரம் ஆகாது.

கிரேன் நின்ற நாள்

தொழிற்சாலை அனுப்பியது 100 டன் கிரேன். 12 டன் பெட்டிக்கு எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டார். கிரேனின் மேல் எழுதியிருக்கும் எண், அது தன் காலடியில் தூக்கக்கூடிய எடை. கை நீள நீளத் திறன் மளமளவென்று குறையும். மனைக்கு நடுவில் வைக்க, தெருவிலிருந்து பதினாறு மீட்டர் கை நீட்ட வேண்டியிருந்தது. கிரேனுக்கு மணிக்கணக்கில் கூலி. காலை ஏழு மணிக்கு வந்துவிட்டது.

முதல் பெட்டி மேலெழுந்து, காற்றில் மெதுவாகத் திரும்பி, அஸ்திவாரத்துக்கு ஒரு முழம் மேலே நின்றது. மேலிருந்து கை காட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தச் சொன்னார். நான்கு மூலைகளில் மூன்றில் போல்ட்டும் பெட்டியின் அடித்தகட்டுத் துளையும் பொருந்தின. நான்காவதில் போல்ட் 18 மில்லிமீட்டர் தள்ளி நின்றது.

அஸ்திவாரம் போட்டது உள்ளூர் ஒப்பந்தக்காரர். அவர் வேலையில் 18 மில்லிமீட்டர் ஒரு பிழையே அல்ல. செங்கல் சுவரில் அதைப் பூச்சு தின்றுவிடும். தொழிற்சாலைக் கணக்கில் அனுமதி 3 மில்லிமீட்டர். ஒருவர் ரசமட்டமும் நூலும் கொண்டு வேலை செய்பவர், மற்றவர் லேசர் வைத்து வேலை செய்பவர். இருவரும் ஒரே வரைபடத்தைத்தான் வாசித்தார்கள். எண்களுக்குப் பின்னால் எவ்வளவு பொறுமை இருக்கிறது என்பதை மட்டும் வேறு வேறாக வாசித்தார்கள். பெட்டியைத் திரும்ப லாரியில் இறக்கி, அந்தப் போல்ட்டை அறுத்து, புதுத் துளையிட்டு ரசாயனப் பசையில் வேறு போல்ட் நட்டு, பசை இறுகும்வரை காத்திருந்து, மறுநாள்தான் வைத்தோம். முந்தைய வாரமே தொழிற்சாலையின் ஆளைக் கூப்பிட்டு போல்ட்டுகளை அளக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது நான்தான். அஸ்திவாரம் என் துறை.

வீடு அதன் ஆயுளில் வாங்கும் பெரும்பாலான குலுக்கலை லாரியில் வரும்போதே வாங்கிவிடுகிறது. ஜிப்சம் பலகைகளின் மூலைகளில் மயிர்க்கோடு போன்ற வெடிப்புகள் பதினான்கை எண்ணினேன். பட்டி பூசி முடித்துவிட்டார்கள். சட்டத்தில் ஒன்றும் இல்லை. பயணத்துக்காகவே சட்டத்தை விறைப்பாகச் செய்கிறார்கள் என்பது இந்த வகை வீட்டின் நல்ல பக்கங்களில் ஒன்று. ஒட்டும் இடங்களில் இரட்டைச் சுவர், இரட்டைத் தளம் என்று எஃகு கூடுதலாகப் போவது அதன் விலை.

வெயில் இருக்கிறது, மின்சாரம் இல்லை

சூரியத் தகடு வேறு ஒப்பந்தம். கடனோடு சேர்த்தே வாங்கிவிடலாம் என்றது வங்கி. அது நல்ல யோசனை, நீண்ட தவணையில் சுமை தெரிவதில்லை. 410 வாட் தகடுகள் பன்னிரண்டு, மொத்தம் 4.92 கிலோவாட். விற்பனையாளர் கொடுத்த தாளில் ஒரு நாளைக்கு 27 யூனிட் என்று இருந்தது. எப்படி வந்தது என்று பார்த்தேன்: 4.92-ஐ ஐந்தரை மணி நேர வெயிலால் பெருக்கியிருந்தார். பெருக்கல் சரி. ஆனால் அந்த 410 வாட் என்பது ஆய்வகத்தில், தகட்டின் வெப்பம் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. கூரையில் நண்பகலில் தகடு 60 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும் என்பதால் அந்நேரத்தில் மட்டும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. இன்வெர்ட்டர் (தகட்டில் வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் கருவி), கம்பி, தூசி ஆகியவை தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். நான்கில் மூன்று பங்கு கையில் கிடைத்தால் போதும் என்று எழுதிக்கொடுத்தேன். முதல் ஆண்டின் சராசரி 20 யூனிட்டை ஒட்டியே நின்றது.

எத்தனை வருடத்தில் முதல் திரும்பும் என்று தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். தகடு பெரும்பாலும் 25 ஆண்டு உத்தரவாதத்தோடு வருகிறது, ஆண்டுக்கு அரை சதவீதம் அளவில்தான் தளரும். இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும். இதெல்லாம் கணக்கில் அடங்கும். அடங்காதது, மிச்ச மின்சாரத்தை வாங்கிக்கொள்பவர் என்ன விலை தருவார் என்பது. கலிபோர்னியா 2020 முதல் புதிய வீடுகளுக்குச் சூரியத் தகட்டைக் கட்டாயமாக்கியது. அதே மாநிலம் 2023 ஏப்ரலுக்குப் பிறகு இணைப்புக் கேட்பவர்கள் பொது மின்கம்பி வலைக்கு அனுப்பும் மின்சாரத்துக்கான மதிப்பை வெகுவாகக் குறைத்தது. தகட்டின் ஆயுள் விதிகளின் ஆயுளைவிட நீளம். அதனால் நான் சொன்ன விடை விடையே அல்ல: பகலில் ஆக்கியதைப் பகலிலேயே செலவழி. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது எளிதல்ல. துணி துவைக்கும் இயந்திரமும் நீர்சூடாக்கியும் இப்போது நண்பகலில் தாமாக ஓடும்படி நேரம் வைத்திருக்கிறார்கள்.

குடியேறிய இரண்டாவது மாதம், பட்டப்பகலில் தங்கையிடமிருந்து அழைப்பு. "அண்ணா, வெயில் கொளுத்துகிறது. தகடெல்லாம் மேலே இருக்கிறது. வீட்டில் மின்விசிறி ஓடவில்லை."

மின்தடை. வலையோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், தெருவில் மின்சாரம் நின்ற நொடியே தானும் நின்றுவிடும். நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர் மின்சாரம் பாயும் கம்பியைத் தொடுவார். வெயிலில் வீட்டை மட்டும் தனியாகப் பிரித்து ஓட்ட வேண்டுமானால், அதற்கேற்ற இன்வெர்ட்டரும் பேட்டரியும் வலையிலிருந்து பிரிக்கும் சுவிட்சும் வேண்டும். விற்பனையாளர் இதை மறைக்கவில்லை, தாளில் நாலாவது பக்கத்தில் இருந்தது. நாங்கள் மூவருமே நாலாவது பக்கத்தை வாசிக்கவில்லை.

ஒன்றை மட்டும் சரியாகச் செய்தோம். பெட்டிகள் தொழிற்சாலையில் இருக்கும்போதே, கூரையிலிருந்து மீட்டர் பலகைவரை சுவருக்குள் ஒரு காலிக் குழாய் விடச் சொன்னேன். தகடுகளும் சட்டமும் சேர்ந்து 300 கிலோ. பரவிய எடை என்பதால் கூரைக்கு அது பொருட்டல்ல, ஆனால் காற்று தகட்டை மேல்நோக்கிப் பிடுங்கும் விசையைக் கூரைச் சட்டத்தில் கணக்கிடச் சொன்னேன். சுவர் திறந்திருக்கும்போது இரண்டுக்கும் ஆன செலவு சில்லறை. தகடு இப்போது வேண்டாம் என்பவர்கள்கூட இதைச் செய்துவைக்கலாம். இன்னொரு லாபமும் எதிர்பாராமல் கிடைத்தது: மெல்லிய சுவரும் தகரக் கூரையும் கொண்ட வீடு வெயிலில் விரைவாகச் சூடாகும், தகடுகளுக்குக் கீழே இருக்கும் அறை மட்டும் மற்றதைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. நிழலும் இடையில் ஓடும் காற்றும் செய்கிற வேலை.

நடுக்கோடு

இனி ஒழுகலுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டக் குழாயோடு கூரைக்கு ஏறினேன். மாப்பிள்ளை உள்ளே உட்கூரைப் பலகையைக் கழற்றி, டார்ச் விளக்கோடு ஏணியில் நின்றார். இப்படிப்பட்ட சோதனையைக் கீழிருந்து தொடங்க வேண்டும். மேலே முதலில் ஊற்றினால் தண்ணீர் கீழே இறங்கி எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது. ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரம். மூன்று இடங்கள் ஒன்றும் இல்லை. நான்காவது, தகடுகளின் இரண்டாம் வரிசைக்கு மேலே. ஒன்பதாவது நிமிடம் கீழிருந்து குரல் வந்தது: "மச்சான், வந்துவிட்டது."

தகடுகளை நான்கு நிரலாக, மூன்று வரிசையாகப் பொருத்தியிருந்தார்கள். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு நிரல், அந்தப் பக்கம் இரண்டு. எந்தத் தகடும் கோட்டின் மேல் இல்லை. ஆனால் தகடுகளைத் தாங்கும் அலுமினியச் சட்டங்கள் ஆறும், ஒவ்வொன்றும் 4.7 மீட்டர், கோட்டைக் குறுக்காகக் கடந்து இரண்டு பெட்டிகளையும் சேர்த்துக் கட்டியிருந்தன. கோட்டுக்கு அருகே தாங்கல் வேண்டுமே என்று, தகர மூடியின் விளிம்பிலேயே போல்ட் இறக்கியிருந்தார் பொருத்தியவர். வேலை சுத்தம், ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரப்பர் வாஷர், அதைச் சுற்றிப் பசை.

அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும். இரவுக்கும் நண்பகலுக்கும் 40 டிகிரி வேறுபாடு என்று வைத்தால், அந்தச் சட்டம் 4.3 மில்லிமீட்டர் நீள்கிறது, கீழே உள்ள எஃகு 2.3. மிச்சம் 2 மில்லிமீட்டர். அதோடு, தனித்தனியாக நிற்கும் இரண்டு பெட்டிகள் முதல் ஆண்டில் கொஞ்சம் அமரும், ஒன்றுபோல் அமராது. அசைவதற்காகவே விட்டுவைத்த இணைப்பை ஆறு சட்டங்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. தினம் ஒருமுறை இழுபட்டு, தினம் ஒருமுறை தளர்ந்து, இரண்டாம் வரிசையின் ஒரு வாஷர் துளையோடு பிடி விட்டுவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினேன், ஆடியது.

தொழிற்சாலை வரைபடத்தில் நடுக்கோடு இருந்தது, சூரியத் தகடு இல்லை. பொருத்தியவர் வரைபடத்தில் தகடு இருந்தது, கூரை ஒரே வெள்ளைச் செவ்வகமாக இருந்தது. இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் வேலை யாருடைய ஒப்பந்தத்திலும் இல்லை.

லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு, முன்கூட்டி வார்த்த கான்கிரீட் பலகைகளால் ஆனது. 1968 மே 16 அன்று 18-ஆம் மாடியில் எரிவாயு வெடித்து, ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டுபோல் சரிந்தது. நால்வர் இறந்தார்கள். பலகைகள் வலுவானவை, அவற்றைக் கோத்த இணைப்புகள்தான் வலுவற்றவை. 1986-இல் அதைப் பிரித்து இறக்கியபோது, சாந்து இருக்க வேண்டிய சில இணைப்புகளில் செய்தித்தாள் திணித்திருந்ததைப் பார்த்தார்கள். ஒரு பழுப்பு வட்டத்தோடு அதை ஒப்பிடுவது அதிகப்படிதான். ஆனாலும் கூரையிலிருந்து இறங்கும்போது அந்தச் செய்தித்தாள்தான் நினைவுக்கு வந்தது.

சரி செய்வது அரை நாள் வேலை. ஆறு சட்டங்களையும் நடுக்கோட்டில் அறுத்து, விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டோம். மூடியின் மேலிருந்த போல்ட்டுகளை எடுத்து, இரு பக்கமும் ஓர் அடி தள்ளிப் புதுத் தாங்கல் கொடுத்தோம். துளைபட்ட மூடியை மாற்றி, அடியில் தண்ணீர் புகாத பியூட்டில் ரப்பர் நாடா ஒட்டினோம். சட்டம் அறுபட்டதால் மின் நில இணைப்பு (எர்த்) அறுந்துவிடக் கூடாது என்று இரண்டு பாதிகளையும் வளையும் செப்புக் கம்பியால் சேர்த்தார் பொருத்தியவர். எனக்கு அது தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. செலவை யார் ஏற்பது என்பதற்குத்தான் ஆறு வாரம் ஆயிற்று. கடைசியில் ஆளுக்குப் பாதி. கூடவே ஒரு பக்கத்தில் ஒரு தாள் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன்: கூரையில் துளை போட்டவர் யார், எந்த இடத்தில், ஒழுகினால் யார் முதலில் வந்து பார்ப்பது. வீடு வாங்கும் அன்றே அந்தத் தாள் இருந்திருக்க வேண்டும்.

போன மாதம் தங்கை வேறொன்று கேட்டாள். பெட்டி வீடுதானே, மேலே ஐந்தாவது பெட்டி ஒன்றை வைத்துக்கொள்ளலாமா? விற்பனைக் கையேட்டில் அப்படி ஒரு படமே இருக்கிறது. டோக்கியோவில் குரோகாவா கிஷோ வடிவமைத்த நக்காகின் கோபுரம் 1972-இல் எழுந்தது. 140 பெட்டிகள், ஒவ்வொன்றும் நான்கு போல்ட்டில் தொங்கியது, 25 ஆண்டுக்கொருமுறை கழற்றிப் புதிது மாட்டலாம் என்பது திட்டம். ஐம்பது ஆண்டில் ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை. கீழே இருப்பதைக் கழற்ற மேலே இருப்பவரின் சம்மதமும் பணமும் வேண்டியிருந்தது. 2022-இல் மொத்தமாகப் பிரித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் தங்கையிடம் சொல்லவில்லை. பதிலுக்கு மூன்று கேள்விகளை எழுதி, தொழிற்சாலைக்கு அனுப்பச் சொன்னேன். பன்னிரண்டு தகடுகளையும் இறக்கி மறுபடி ஏற்றுவது யார்? தெருவில் அதே கிரேன் நிற்க இப்போதும் இடம் இருக்கிறதா? புதுப் பெட்டியின் அடியில் போகும் நடுக்கோட்டுக்கு உத்தரவாதம் யாருடையது? முதல் இரண்டுக்கும் பதில் வந்துவிட்டது. மூன்றாவதற்காகக் காத்திருக்கிறோம்.